இன்னும் உரக்க!

சித்தூரிலிருந்து பெங்களூர் போகும் சாலை மொகிலி கணவாயில் ஏறி முடித்ததும் வரும் மேட்டு நிலத்தில் இருக்கிறது பலமனேர். ஆந்திரத்தின் ஓர் ஓரம். ஒரு பக்கம் கர்நாடகம், இன்னொரு பக்கம் தமிழகம். கடைத்தெருவில் தெலுங்கு, தமிழ், கன்னடம், உருது நான்கும் காதில் விழும். இப்படிப்பட்ட ஊரில் வீட்டில் ஒரு மொழியும் பள்ளியில் வேறொரு மொழியும் பேசும் பிள்ளை சுதந்திர தினப் பேச்சுப் போட்டியில் மேடை ஏறினால், கிடைக்கும் விமர்சனம் பெரும்பாலும் இரண்டில் ஒன்றுதான். ஒன்று, "பிரமாதம்." அல்லது, "சத்தம் போதாது, உச்சரிப்பு சரியில்லை." முதலாவதில் கற்றுக்கொள்ள எதுவும் இல்லை. இரண்டாவதில் குறை இருக்கிறது, அதைத் தீர்க்கும் வழி இல்லை.

இதே இரண்டாவது வகை விமர்சனத்துக்கு ஒரு முறை ஆளானவர் மோகன்தாஸ் கரம்சந்த் காந்தி.

மேடை என்றால் அவருக்கு நடுக்கம். 1891ல் லண்டன் சைவ உணவுச் சங்கக் கமிட்டியில் தன் கருத்தை எழுதிக்கொண்டு போயும் படிக்க முடியாமல் வேறொருவர் படிக்க நேர்ந்தது. பம்பாயில் எடுத்த முதல் வழக்கில் குறுக்கு விசாரணைக்கு எழுந்து நின்றவர், ஒரு கேள்வியும் கேட்க வராமல் உட்கார்ந்துவிட்டார்.

1896ல் தென்னாப்பிரிக்காவிலிருந்து வந்தவர், அங்குள்ள இந்தியர்களின் துயரத்தை எடுத்துச் சொல்ல பம்பாயில் கூட்டம் போட விரும்பினார். உதவியவர் பிரோஸ்ஷா மேத்தா, அந்நகரின் முடிசூடா மன்னர். முந்தின நாள் மாலை, உரை தயாரா என்று கேட்டார். எழுதவில்லை, அப்படியே பேசிவிடலாம் என்று இருக்கிறேன் என்றார் காந்தி. அது பம்பாயில் சரிப்படாது என்றார் மேத்தா. பத்திரிகை நிருபர்கள் சரியாகக் குறிப்பெடுப்பதில்லை, ஆகவே எழுதி இரவோடு இரவாக அச்சிட்டுவிட வேண்டும் என்று காரணத்தையும் சொன்னார். காந்தி எழுதினார்.

மறுநாள், செப்டம்பர் 26. சர் கவாஸ்ஜி ஜஹாங்கீர் மண்டபம் நிரம்பி வழிந்தது. காந்தி படிக்க ஆரம்பித்தார். கை கால் நடுங்கியது, குரல் எழும்பவில்லை. பக்கத்தில் இருந்த மேத்தா, உரக்கப் படியுங்கள், இன்னும் உரக்க என்று உற்சாகப்படுத்திக்கொண்டே இருந்தார். அவர் சொல்லச் சொல்லத் தன் குரல் இன்னும் கீழே போனதாகத் தன் சுயசரிதையில் எழுதியிருக்கிறார் காந்தி. கடைசியில் காகிதம் கேசவராவ் தேஷ்பாண்டேயின் கைக்குப் போனது. கூட்டம் வாச்சா, வாச்சா என்று கத்தியது. தின்ஷா வாச்சா எழுந்து படித்தார். அரங்கம் அமைதியானது, கேட்டவர்கள் கொதித்தார்கள், கைதட்டினார்கள். உரை மேத்தாவுக்கும் பிடித்தது.

இதில் ஒரு வேடிக்கை உண்டு. அன்று காந்தியைக் காப்பாற்றியதும் மேத்தாதான், தடுமாற வைத்ததும் மேத்தாதான். எழுதி அச்சிடுங்கள் என்ற யோசனை முதல் நாளே வந்தது; காரணத்தோடு வந்தது; செய்து முடிக்க ஓர் இரவு இருந்தது. அந்த எழுத்துப் பிரதி இருந்ததால்தான் வாச்சாவால் படிக்க முடிந்தது. உரக்க என்ற யோசனையோ பேச்சின் நடுவே, கூட்டத்தின் முன்னால் வந்தது. காரணத்தையும் அது பார்க்கவில்லை. காந்தி தன் சகோதரியின் கணவருக்கு இரவு பகலாகப் பணிவிடை செய்து, அவர் இறந்த மறுநாள் பம்பாய் வந்திருந்தார். தொண்டை ஏற்கெனவே கம்மிப்போயிருந்தது. கம்மிய தொண்டைக்கு உத்தரவு போட்டு என்ன பயன்?

விமர்சனம் எப்படி இருக்கலாம் என்பதற்கு கிரேக்கத்தில் ஒரு கதை இருக்கிறது. சபையில் கேலிக்கு ஆளாகி வீடு திரும்பிய டெமாஸ்தனிஸைச் சந்தித்த நடிகர் சாட்டிரஸ், ஒரு நாடக வசனத்தைச் சொல்லச் சொல்லிக் கேட்டாராம். பிறகு அதே வரிகளைத் தானே பாவத்தோடு சொல்லிக் காட்டினாராம். குறை என்னவென்று அவர் சொல்ல வேண்டியிருக்கவில்லை. வித்தியாசம் காதிலேயே விழுந்தது என்கிறார் புளூடார்க். தமிழிலும் அரங்கேற்றம் என்பது வெறும் பொன்னாடை விழாவாக இருக்கவில்லை. பாண்டியன் அவையில் அதங்கோட்டாசான் குற்றம் தேடி வினவிய பிறகே தொல்காப்பியம் ஏற்கப்பட்டதாக அதன் பாயிரம் சொல்கிறது.

பம்பாய்க் கூட்டம் முடிந்து சரியாக ஒரு மாதம். அக்டோபர் 26ல் சென்னை பச்சையப்பன் மண்டபத்தில் காந்தியின் கூட்டம். அங்கே அவருக்குப் பெரிதும் துணை நின்றவர் 'மெட்ராஸ் ஸ்டாண்டர்ட்' ஆசிரியர் ஜி. பரமேஸ்வரன் பிள்ளை. பிரச்னையை நன்றாகப் படித்துத் தெரிந்துகொண்டு, தன் அலுவலகத்துக்கு அடிக்கடி அழைத்து யோசனை சொன்னார். அச்சிட்ட அந்த நீண்ட உரையைக் கூட்டம் ஒரு சொல் விடாமல் கேட்டது. எஜமானன் அடித்து முன்பற்கள் உடைந்த நிலையில் அழுதபடி காந்தியிடம் வந்த தமிழ்க் கூலித் தொழிலாளி பாலசுந்தரத்தின் கதை சென்னையை உலுக்கியிருந்தது.

பலமனேர் அன்று வட ஆற்காடு மாவட்டத்தில் ஒரு தாலுகா. சித்தூர் மாவட்டம் உருவானது 1911ல்தான். நேட்டாலின் கரும்புத் தோட்டங்களுக்கு ஏராளமான ஒப்பந்தக் கூலிகளை அனுப்பிய மாவட்டம் வட ஆற்காடு. பம்பாய் மேடையில் தடுமாறிய 26 வயது வக்கீல் இனி மேடையே வேண்டாம் என்று ஒதுங்கியிருந்தால், வாய் அடைத்துப் போயிருப்பது அவருடையது மட்டுமல்ல.

சிறு ஊர்களின் பேச்சுப் போட்டி நடுவர்கள் இதை நினைவில் வைத்துக்கொள்ளலாம். சத்தம் போதாது என்பதற்குப் பதில், வாக்கியத்தின் கடைசிச் சொல்லுக்கு வரும்போது மூச்சு தீர்ந்துவிடுகிறது, நடுவில் ஓர் இடத்தில் நிறுத்து என்று சொல்லலாம். உச்சரிப்பு சரியில்லை என்பதற்குப் பதில், எந்த மூன்று சொற்கள் என்று காட்டி, அவற்றைத் தாமே ஒரு முறை சொல்லிக் காட்டலாம். நன்றாக இருந்த இடம் எது என்றும் குறிப்பாகச் சொல்ல வேண்டும். இல்லாவிட்டால் அடுத்த முறை பிள்ளை அதையும் விட்டுவிடும். இதெல்லாம் மேடையிலிருந்து இறங்கிய பிறகு, தனியாக.

காந்தியின் குரல் கடைசிவரை பெரிதாக உயரவில்லை. கேட்க வந்த கூட்டம்தான் பெரிதானது.