பல கதவைத் தட்டுதல் குற்றமா?

பொம்மையார்பாளையம் முதல் மரக்காணம் வரையுள்ள கரையோர ஊர்களில் மழைக்காலம் பணமுடைக் காலமாகும். உப்பளங்களில் வேலை நின்றுவிடும். தறிக்குழியில் ஈரம் ஏறும். அந்நாட்களில் கடன் அட்டை வேண்டி ஒரே வாரத்தில் நான்கைந்து வங்கிகளுக்கு மனுச் செய்யும் பழக்கம் பரவி வருகிறது. ஓரிடத்தில் இல்லையெனில் வேறோரிடத்தில் கிடைக்கும் என்பது மனுதாரர் எண்ணம். நடப்பதோ பெரும்பாலும் நேர்மாறாக இருக்கிறது.

மனு கிடைத்ததும் வங்கியானது, சிபில் போன்ற கடன் தகவல் நிறுவனத்திடம் மனுதாரரின் கடன் அறிக்கையைக் கேட்டுப் பெறுகிறது. 2005ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ் இயங்கும் இத்தகைய நிறுவனங்கள் நம் நாட்டில் நான்கு உள்ளன. 300 முதல் 900 வரை அவை இடும் மதிப்பெண்ணே இன்று ஒருவரது நாணயத்துக்கு அளவுகோலாகிவிட்டது. வங்கி விசாரித்த செய்தியும் அவ்வறிக்கையில் பதிவாகிறது. குறுகிய காலத்தில் இப்பதிவுகள் பெருகினால் மதிப்பெண் குறையக்கூடும். மனுதாரர் நெருக்கடியில் உழல்கிறார் என்று அடுத்த வங்கி கருதும். ஆக, நான்கு கதவுகளைத் தட்டிய காரணத்தாலேயே ஐந்தாவது கதவு மூடப்படலாம்.

வங்கிகளின் எச்சரிக்கையை முற்றிலும் குறைகூறுவதற்கில்லை. ஈடில்லாக் கடன் மிதமிஞ்சி வளர்வதைக் கண்டே ரிசர்வ் வங்கி, 2023 நவம்பரில், வங்கிகளின் கடன் அட்டை நிலுவைக்குரிய இடர் மதிப்பை 125 விழுக்காட்டிலிருந்து 150 ஆக உயர்த்திற்று. ஆயினும், வட்டியை ஒப்புநோக்க விழைந்து பல இடங்களில் மனுச் செய்தவரும், பழங்கடனை அடைக்கப் புதுக்கடன் தேடுபவரும் அறிக்கையில் ஒரே தோற்றம் பெறுவது நீதியாகாது. சில நாட்களுக்குள் செய்யப்படும் விசாரணைகள் அனைத்தையும் ஒன்றாகவே கணக்கிட வேண்டும் என்பது என் கருத்து.

அந்நிலை வரும்வரை அங்கத்தினர்கள் விழிப்புடன் இருத்தல் நலம். ஆண்டுக்கு ஒருமுறை முழு அறிக்கையை ஒவ்வொரு நிறுவனத்திடமும் இலவசமாகப் பெறலாம். தம் அறிக்கையைத் தாமே பார்ப்பதால் மதிப்பெண் குறையாது. அதிற் பிழையிருப்பின் முறையிடலாம். 30 நாட்களில் தீர்வு கிட்டாவிடில், அதன்பின் நாளொன்றுக்கு 100 ரூபாய் இழப்பீடு கோரலாம். அட்டை மறுக்கப்பட்டால் குறிப்பான காரணத்தை எழுத்தில் தெரிவிப்பது வழங்குநரின் கடமை. அதை அறியாமல் அடுத்த மனுவை எழுதவேண்டாம்.

1904இல் திரூரில் தோன்றிய கடன் சங்கம் முதலாகக் கூட்டுறவின் வலிமை, அங்கத்தினரை நேரில் அறிந்திருப்பதே. மனுச் செய்யுமுன் கடன் அறிக்கையைப் படித்துக் காட்டி விளக்கும் பணியைச் சங்கச் செயலாளர்கள் மேற்கொள்வார்களாயின், மழைக்காலத்தில் பல குடும்பங்கள் கந்துவட்டிக்காரரின் வாயிலுக்குப் போகாமல் தப்பும்.