காமிராவும் கடல் கடந்த பயணமும்

வெளிநாடு செல்வோர் பெட்டி கட்டும்போது வேட்டி சட்டையைப் பற்றி யாரும் இரண்டு மனம் கொள்வதில்லை. ஊறுகாய்ப் பாட்டிலைப் பற்றிக்கூட வீட்டில் மூத்தவர் ஒருவர் தீர்ப்புச் சொல்லிவிடுவார். விலையுயர்ந்த காமிரா ஒன்றுதான் பெட்டிக்குள்ளும் வெளியிலுமாக நாலு நாள் அல்லாடுகிறது. கொண்டு போனால் களவு போகுமோ, உடையுமோ, திரும்பி வரும்போது சுங்கத்தில் வரி கேட்பார்களோ என்று பயம். வைத்துவிட்டுப் போனால், அவ்வளவு தூரம் போயும் ஒன்றும் கொண்டு வரவில்லையே என்ற ஏக்கம்.

வசதியுள்ளவர்களின் கவலை இது, நமக்கென்ன என்று மாணவ நண்பர்கள் ஒதுக்கிவிட வேண்டாம். ஸ்டூடியோ வருமானத்தில் படிக்கும் பிள்ளைகள் நம் வகுப்புகளிலேயே இருக்கிறார்கள். சிங்கப்பூரிலும் துபாயிலும் கொழும்பிலும் உறவினர் இல்லாத தெருவும் நம் பக்கத்தில் குறைவு. காமிராவைக் கொண்டு போக வேண்டும் என்பதே என் கட்சி. எதை, எவ்வளவு, எந்த மாதத்தில் என்பதில்தான் யோசனை வேண்டும்.

இந்த வழியில் நமக்கு முன்னே நடந்தவர் ஒருவர் உண்டு. கோட்டையூரில் பிறந்த ஏ. கே. செட்டியார் டோக்கியோவிலும் நியூயார்க்கிலும் புகைப்படக் கலை பயின்றவர். 1937 அக்டோபர் 2-ஆம் நாள், நியூயார்க்கிலிருந்து டப்ளின் நோக்கிச் சென்ற கப்பலில், காந்தியடிகளைப் பற்றி ஓர் ஆவணப் படம் எடுக்க வேண்டும் என்ற எண்ணம் அவருக்குத் தோன்றியது. அதற்காக அவர் சுற்றிய தூரம் ஏறத்தாழ ஒரு லட்சம் மைல். சேர்த்த பிலிம் 50,000 அடி. படம் 1940-ல் தமிழில் வெளிவந்தது. அந்நாளைய 35 மில்லிமீட்டர் சினிமா பிலிம் பெரும்பாலும் நைட்ரேட் வகை. ஒரு பொறி பட்டால் பற்றிக்கொள்ளும். பற்றினால் தண்ணீருக்கும் அடங்காது. ஐரோப்பாவில் போர் மேகம் சூழ்ந்த காலம் வேறு. பத்திரம் ஒன்றையே பெரிதாக நினைத்திருந்தால் அவர் கோட்டையூரை விட்டுக் கிளம்பியிருக்க முடியாது.

அந்தக் கதையின் பின்பகுதிதான் எனக்கு முக்கியமாகப் படுகிறது. அத்தனை கடலையும் போரையும் தாண்டி வந்த படம், சுதந்திர நாட்டில் பல ஆண்டுகள் எங்கே போயிற்றென்றே தெரியாமல் கிடந்தது. பிற்பாடு வரலாற்றாய்வாளர் ஆ. இரா. வேங்கடாசலபதியின் முயற்சியால் அமெரிக்காவிலிருந்து அதன் ஆங்கில வடிவம் கிடைத்தது. செட்டியார் எந்தக் காமிராவால் எடுத்தார், அதன் விலை என்ன என்று இன்று யாரும் கேட்பதில்லை. படம் எங்கே என்றுதான் கேட்கிறோம். வெளிநாட்டுக்குக் காமிரா கொண்டு போகும் நம்மவர்களோ முழுக் கவலையையும் கருவியின் மேல் வைக்கிறார்கள். எடுத்த படங்களை ஒரே கார்டில் போட்டு, அந்தக் கார்டையும் காமிராவுக்குள்ளேயே விட்டுவைக்கிறார்கள். காமிரா போனால் இரண்டும் சேர்ந்து போகும்.

எங்கள் வீட்டு விஷயத்தைச் சொன்னால்தான் நான் இதில் இவ்வளவு அக்கறை காட்டுவது விளங்கும். எங்கள் ஊர் ஆலங்குளம். தென்காசிப் பக்கத்து ஆலங்குளம் வேறு. இது ராஜபாளையத்துக்கும் ஸ்ரீவில்லிபுத்தூருக்கும் கிழக்கே, சிமெண்ட் ஆலை உள்ள ஆலங்குளம். அங்கே என் அண்ணன் ஸ்டூடியோ வைத்திருக்கிறார். காமிராவும் இரண்டு லென்சும் ஏறத்தாழ மூன்று லட்ச ரூபாய். தவணை இன்னும் முடியவில்லை. எங்கள் அப்பத்தா பிறந்தது இலங்கையில், ஹட்டன் பக்கத்துத் தேயிலைத் தோட்டம் ஒன்றில். 1964-ல் இந்தியாவும் இலங்கையும் செய்துகொண்ட ஒப்பந்தப்படி 5,25,000 பேர் இந்தியாவுக்கு வர வேண்டும் என்று எழுதினார்களே, அந்தக் கணக்கில் ஒருவராக, 1973-ல், தலைமன்னாரில் கப்பலேறி ராமேஸ்வரத்தில் இறங்கியவர். பாத்திரம் கொண்டு வந்தார். துணி கொண்டு வந்தார். பிறந்த லயத்து வீட்டின் படம் ஒன்றுகூட வரவில்லை. அங்கே காமிரா வைத்திருந்தவர் துரை ஒருவர்தான் என்பார். அந்த லயம் இன்னும் இருப்பதாக உறவுக்காரர்கள் சொல்லுகிறார்கள். அண்ணனும் நானும் போய் அதைப் படமெடுத்து வர எண்ணியிருக்கிறோம்.

“செல்போனில் எடுத்தால் போதாதா?” என்று கேட்பவர்கள் உண்டு. வெயிலில், வாசலில் நின்று எடுக்கப் போதும்தான். லயத்து அறையோ பத்தடிக்குப் பன்னிரண்டடி. ஜன்னல் இருந்தால் ஒன்று இருக்கும். உள்ளே அடுப்புக் கரி ஏறிய சுவர். அந்த அரை இருட்டில் சுவரில் உள்ள ஆணியையும் மாடக்குழியையும் தெளிவாகப் பிடிக்கப் பெரிய சென்சாரும் நல்ல லென்சும் வேண்டும். அதையும் சுவரில் மாட்டும் அளவுக்குப் பெரிதாக அச்செடுத்து, பார்வை மங்கிய எழுபத்தைந்து வயதுக் கண்களுக்குக் காட்ட வேண்டும். இந்த ஒரு வேலைக்குச் செல்போன் போதாது என்பது என் துணிபு. மற்ற வேலைகளுக்குப் போதும் என்பதையும் ஒப்புக்கொள்கிறேன். கடைத்தெருவையும் சாப்பாட்டு இலையையும் எடுக்க மூன்று லட்ச ரூபாய்க் கருவியைச் சுமப்பது வீண் பாரம்.

சுமை என்றதும் மா. கிருஷ்ணன் நினைவு வருகிறது. நாவலாசிரியர் அ. மாதவையாவின் மகனான இவர் 1912-ல் திருநெல்வேலியில் பிறந்தவர். காட்டுயிர்ப் படங்களுக்குப் பெயர் பெற்றவர். பல கருவிகளின் உறுப்புகளைச் சேர்த்துத் தாமே ஆக்கிக்கொண்ட காமிராவுக்கு ‘சூப்பர் பாண்டரோசா’ என்று வேடிக்கையாகப் பெயர் வைத்திருந்தார். கறுப்பு வெள்ளையிலேயே எடுத்து, பார்த்தவர் மறவாத யானைகளை நமக்குத் தந்தார். ஸ்ரீவில்லிபுத்தூர் மலையடிவாரத்துச் சாம்பல் நிற அணிலை எடுக்க முழ நீள லென்ஸ் வாங்க வேண்டுமென்று ஏங்கும் நம் நண்பர்கள் அவரைப் பற்றிக் கொஞ்சம் படிக்கலாம். இது போகட்டும்.

இனி நடைமுறைக்கு வருவோம். முதற் பயம் சுங்கம். நாம் பயன்படுத்திய பொருளை நாமே திரும்பக் கொண்டு வந்தால் வரி இல்லை. ஆனால் அது இங்கிருந்து போன பொருள்தான் என்று காட்டச் சான்று வேண்டும். அதற்கு வழி இருக்கிறது. புறப்படும் நாளில் விமான நிலையத்துச் சுங்க அதிகாரியிடம் பொருளைக் காட்டினால், அதன் வரிசை எண்ணைக் குறித்து ஏற்றுமதிச் சான்றிதழ் தருவார். காமிராவுக்கு ஓர் எண்; லென்ஸ் ஒவ்வொன்றுக்கும் தனி எண். வாங்கிய ரசீதும் கையில் இருக்க வேண்டும். காசு செலவில்லாத இந்தக் காகிதத்தை நம்மவர்கள் பலர் கேட்டு வாங்குவதே இல்லை. திரும்பி வரும்போது வாதாடி ஜெயிக்கலாம் என்று போய்விடுகிறார்கள். அதிகாரியிடம் வாதாடும் நேரத்தில் ஒரு காகிதத்தை நீட்டுவது எவ்வளவோ மேல். கூலி பேசிக் கல்யாணப் படம் எடுக்கப் போகிறவர்களின் நிலை வேறு. அவர்கள் சுற்றுலா விசாவில் போவது காமிராவுக்கு மட்டுமன்றி அவர்களுக்கே ஆபத்து.

அடுத்தது விமானம். காமிராவைப் பெரிய பெட்டிக்குள் துணி சுற்றி வைத்து, விமானக் கம்பெனியிடம் ஒப்படைப்பவர்களைக் கண்டால் எனக்கு வயிறு கலங்குகிறது. சர்வதேசப் பயணங்களுக்கு 1999-ஆம் ஆண்டு மாண்ட்ரியல் உடன்படிக்கை இருக்கிறது. இந்தியா 2009-ல் அதில் சேர்ந்தது. சாமான் தொலைந்தாலோ சேதமானாலோ ஒரு பயணிக்குக் கம்பெனி தர வேண்டிய தொகைக்கு அது உச்சவரம்பு வைத்திருக்கிறது. 2024 டிசம்பர் 28 முதல் அந்த வரம்பு 1,519 எஸ்.டி.ஆர்.; நம் பணத்தில் இரண்டு லட்சத்தை ஒட்டி வரும். அது பெட்டிக்குள் இருக்கும் அத்தனைக்கும் சேர்த்து. அதையும் ரசீது காட்டித்தான் பெற வேண்டும். சேதமென்றால் ஏழு நாளுக்குள் எழுத்தில் புகார் தராவிட்டால் அதுவும் இல்லை. மூன்று லட்ச ரூபாய்க் கருவியை இந்தக் கணக்கை நம்பி ஒப்படைக்கலாமா? தோளில் மாட்டிக்கொண்டு உட்காருவதே முறை.

பாட்டரியைப் பொறுத்தவரை நமக்கு இஷ்டம் என்ற பேச்சே கிடையாது. உதிரி லித்தியம் பாட்டரிகள் கைப்பையில்தான் வர வேண்டும். ஒப்படைக்கும் பெட்டியில் வைப்பது விதிக்கு விரோதம். செட்டியார் காலத்தில் பிலிம் பற்றியது. நம் காலத்தில் பாட்டரி பற்றுகிறது. 100 வாட்-மணி வரை தனி அனுமதி தேவையில்லை. வோல்ட்டை ஆம்பியர்-மணியால் பெருக்கினால் வாட்-மணி வருமென்று இயற்பியல் மாணவர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. காமிரா பாட்டரி பெரும்பாலும் இருபதைத் தாண்டாது. முனைகள் ஒன்றோடொன்று உரசாமல் மூடியோ ஒட்டுநாடாவோ போட்டுவிட்டால் போதும். டிரோனைப் பற்றிக் கேட்டால் ஒரே பதில்தான்: வீட்டிலேயே இருக்கட்டும். மொராக்கோ போன்ற நாடுகளில் இறங்கியதுமே வாங்கி வைத்துக்கொள்வார்கள். மற்ற பல நாடுகளிலும் முன் அனுமதியின்றிப் பறக்கவிடக் கூடாது.

இன்ஷூரன்ஸ் எடுத்தால் தீர்ந்தது என்பாரும் உளர். சாதாரணப் பயண இன்ஷூரன்சில் ஒரு பொருளுக்கு இவ்வளவுதான் என்று சிறு தொகை ஒன்றைப் பொடி எழுத்தில் போட்டிருப்பார்கள். வண்டியில் ஆளில்லாமல் வைத்துவிட்டுப் போனால் அதுவும் பெரும்பாலும் கிடைக்காது. தொழிலுக்கான காமிராவென்றால், வெளிநாட்டிலும் செல்லும்படி அந்தப் பொருளுக்கென்றே தனிப் பாலிசி கேட்டு வாங்க வேண்டும். அப்படியே கிடைத்தாலும் பணம் கைக்கு வர மாதமாகும். எங்கள் வீட்டில் உண்மையான சிக்கல் அங்கேதான். காமிராவின் விலையை விட, அதற்கு அடுத்த வாரம் முன்பணம் வாங்கிய கல்யாணம்தான் பெரிது. முகூர்த்த நாளன்று பெண் வீட்டாரிடம் போய், “கொழும்பில் தொலைந்துவிட்டது, இன்ஷூரன்ஸ் வரும்” என்று சொல்ல முடியுமா? நம் பக்கத்தில் ஒரு கல்யாணம் தவறினால் ஸ்டூடியோவின் பேரே போயிற்று.

ஆகவே எந்தக் காமிரா என்பதற்கு முன்னால் எந்த மாதம் என்று கேட்க வேண்டும் என்கிறேன். அண்ணன் தையில் போகலாம் என்றார். தையிலும் வைகாசியிலும் ஆவணியிலும் அந்தக் கருவி வீட்டுக்குச் சோறு போடுகிறது. அப்போது அதைக் கடல் கடத்தக் கூடாது. ஆடியில் கல்யாணம் இல்லை. ஆண்டாள் தேரோட்டம் ஆடிப்பூரத்தோடு முடிந்தால் அடுத்த முகூர்த்தம் வரை காமிரா சும்மாதான் இருக்கும். அந்த நேரத்தில் ஏதாவது நேர்ந்தாலும் பழுது பார்க்கவோ வாடகைக்கு ஒன்று எடுக்கவோ அவகாசம் உண்டு.

ஆனால் ஆடியில் ஹட்டனில் மழை. தென்மேற்குப் பருவக்காற்று அந்த மலைகளில் மே முதல் செப்டம்பர் வரை கொட்டித் தீர்க்கும். ஆலங்குளத்துக் காமிராவுக்கு வெயிலும் தூசியும் பழக்கம், ஈரம் பழக்கமில்லை. குளிரிலிருந்து சூடான அறைக்குள் கொண்டு வந்ததும் லென்சில் நீர் பூத்துவிடும். அந்த ஈரம் உள்ளே தங்கினால் பூஞ்சை பிடிக்கும். பூஞ்சை பிடித்த லென்சை எந்தப் பாலிசியும் பெரும்பாலும் ஏற்பதில்லை. பிளாஸ்டிக் பையில் கட்டியே அறைக்குள் கொண்டு வந்து, அரை மணி கழித்துப் பிரிப்பதும், பைக்குள் சிலிக்கா ஜெல் பொட்டலம் போடுவதும் அறிந்த பரிகாரங்கள். மழைக்கும் முகூர்த்தத்துக்கும் இடையே ஒன்றைத் தேர்ந்தெடுக்கச் சொன்னால் நான் மழையையே தேர்ந்தெடுப்பேன். மழைக்குக் குடை உண்டு. லயத்து அறையின் உள்ளே எடுக்கப் போகிறவர்களுக்கு வெளியே வெயில் எதற்கு?

இப்போதைக்கு முடிவானது இவ்வளவு: ஒரு காமிரா, அகன்ற கோண லென்ஸ் ஒன்று, பாட்டரி மூன்று. பெரிய லென்சும் ஃபிளாஷும் முக்காலியும் ஸ்டூடியோ பீரோவிலேயே இருக்கும். கம்பெனிப் பெயர் எழுதிய வாரை அவிழ்த்துவிட்டுச் சாதாரண வார். காமிராப் பை என்று ஊருக்கெல்லாம் சொல்லும் பை வேண்டாம், காய்கறிப் பை போல ஒன்று. ஒரே படம் இரண்டு கார்டில் பதியும்படி வைத்து, இரவில் மூன்றாவது பிரதி. ஒரு கார்டு அண்ணனிடம், ஒன்று என்னிடம். இருவரும் ஒரே பையில் வைப்பதில்லை. முக்காலி வேண்டும், இருட்டறையில் கை நடுங்கும் என்று அண்ணன் இன்னும் வாதாடுகிறார். அங்கே ஒரு பலகையோ அம்மிக்கல்லோ இல்லாமலா போகும் என்று நான் சொல்லியிருக்கிறேன். அம்மி வாசலின் இடப்பக்கம் கிடந்தது என்கிறார் அப்பத்தா.