ஈரத்தோடு மடித்த படங்கு



இம்மாதம் ஒரு துணியைப் பற்றி உங்களோடு பேச விரும்புகிறேன். உடுக்கும் துணியல்ல. கலியாண வீட்டு முற்றத்திலும் ஜனாஸா வீட்டு வாசலிலும் நாம் கட்டுகின்ற படங்கு. "படங்கைப் பற்றி ஹஸரத்துக்கு எழுத என்ன இருக்கிறது?" என்று நீங்கள் கேட்கலாம். என் கையால் ஒரு படங்கு கெட்டுப் போகும்வரை நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன்.

எங்கள் திகனப் பகுதியில் ஒக்டோபர் பிறந்துவிட்டால் பின்னேரங்களில் இடியும் மழையும்தான். அது ஓய்வதற்குள் டிசம்பரில் வடகீழ்ப் பருவமழை வந்துவிடும். முற்றத்தில் பத்துப் பேர் கூடுவதென்றாலும் தலைக்கு மேல் ஒரு மறைப்பு வேண்டும். எங்கள் மஹல்லாவில் தடித்த பருத்திக் கன்வஸில் தைத்த பெரிய படங்கு ஒன்று இருக்கிறது. வீட்டுக்கொன்று வாங்க வசதியில்லை என்பதால் பெரியவர்கள் பொதுவில் வாங்கி வைத்தார்கள். தேவைப்பட்டவர் எடுத்துச் செல்வார், தேவை முடிந்ததும் கொண்டுவந்து வைப்பார்.

சில வருடங்களுக்கு முன் என் தங்கை மகளின் கலியாணத்திற்கு அதை எடுத்து வந்தோம். அன்றிரவு நல்ல மழை. ஒரு துளி உள்ளே வரவில்லை. மறுநாள் காலையில் விருந்தாளிகளை வழியனுப்ப வேண்டும், சட்டிபானைகளைத் திருப்பிக் கொடுக்க வேண்டும். அந்த அவசரத்தில் படங்கை நான்காய் மடித்துக் கயிற்றால் இறுக்கிக் கட்டி, களஞ்சிய அறையின் சீமெந்துத் தரையில் வைத்துவிட்டுச் சாவியைக் கொடுத்துவிட்டு வந்தேன். "அப்பாடா, இரவல் பொருளைக் கொடுத்தாயிற்று" என்று ஒரு நிம்மதி வேறு.

மூன்று வாரம் கழித்து எங்கள் தெருவில் ஒரு மௌத்து. வாலிபப் பிள்ளை. படங்கைக் கொண்டுவந்து கட்டை அவிழ்த்தபோது குப்பென்று ஒரு வாடை அடித்தது. மடிப்பு மடிப்பாகக் கறுப்புப் பூஞ்சணம். வேறு வழியில்லாமல் அதையே கட்டினார்கள். அஸருக்குப் பின் மழை பிடித்தது. பெண்கள் அமர்ந்திருந்த பக்கத்தில்தான் ஒழுகியது. மகனைப் பறிகொடுத்த அந்தத் தாயின் பாயை இரண்டு தடவை இழுத்துப் போட வேண்டியதாயிற்று. யாரோ ஒரு ராத்தா உள்ளே போய் பேசின் கொண்டுவந்து வைத்தார். தகரத்தில் தண்ணீர் சொட்டுகிற அந்தச் சத்தம் இன்னும் என் காதில் இருக்கிறது.

கடைசியாக அதை எடுத்தவர் யாரென்று எவரும் கேட்கவில்லை. ஆனால் எனக்குத் தெரியும்.

பிக்ஹ் பாடத்தில் 'ஆரிய்யா' என்று இரவல் பொருளின் சட்டங்களுக்கென ஒரு பகுதி உண்டு. அனுமதித்த பாவனையில் இயல்பாகத் தேய்ந்தால் குற்றமில்லை, அதைத் தாண்டிக் கெட்டுப்போனால் வாங்கியவரே பொறுப்பு என்பது ஷாஃபிஈ மத்ஹபின் நிலை. மழையில் நனைந்தது படங்கின் வேலை. நனைந்ததை மடித்துக் கட்டியது என் வேலை. வருடக் கணக்காக இதை மாணவர்களுக்கு நடத்திய எனக்கு இந்த வேறுபாடு படங்கு கட்டும்போது நினைவுக்கு வரவில்லையே! வீட்டில் சொன்னபோது மனைவி ஒரே கேள்விதான் கேட்டார்: "காயாத சாரனை மடிச்சு அல்மாரியில வெப்பீங்களா?"

நிர்வாகிகளிடம் போய் விஷயத்தைச் சொன்னேன். படங்கைச் சரிசெய்து தருவது என் பொறுப்பு என்றேன். பின்பு முச்சக்கர வண்டிகளுக்கு ஹூட் தைக்கும் ஒரு நாநாவிடம் அதைக் கொண்டுபோனேன். விக்டோரியா நீர்த்தேக்கத்தில் ஓடும் வள்ளங்களுக்கும் உறை தைத்துக் கொடுத்தவர் அவர். விரலால் தடவிப் பார்த்துவிட்டு, "துணி உக்கல்ல ஹஸரத், காப்பாத்தலாம்" என்றார். அவர் சொன்னதையும் நாங்கள் செய்து கண்டதையும் உங்களுக்கும் சொல்கிறேன். படங்கோ, வள்ளத்தின் உறையோ, மோட்டார் சைக்கிளை மூடும் கன்வஸோ, பருத்தித் துணியென்றால் முறை ஒன்றுதான்.

முதலில் கன்வஸ் எப்படி மழையைத் தடுக்கிறது என்று பாருங்கள். நனையும்போது பருத்தி நூல் ஊதிப் பருத்து, இழைகளுக்கிடையிலான துவாரங்களை அடைத்துக்கொள்கிறது. அதன் மேல் பூசிய மெழுகு தண்ணீரை முத்து முத்தாக உருட்டிவிடுகிறது. பூஞ்சணம் பிடித்தால் நூல் அரிக்கப்படும். மெழுகு தேய்ந்தால் தண்ணீர் ஊறும். ஒரு கோப்பைத் தண்ணீரை மேலே ஊற்றிப் பாருங்கள். உருண்டோடினால் படங்கு நலமாக இருக்கிறது. துணி கறுத்து உறிஞ்சினால் பூச்சு போய்விட்டது.

கழுவுவதற்கு முன் நன்கு காயவிட்டு, வீட்டுக்கு வெளியே வைத்துப் பூஞ்சணத்தையும் மண்ணையும் பிரஷால் தட்டிவிட வேண்டும். அப்போது மூக்கையும் வாயையும் துணியால் மூடிக்கொள்ளுங்கள். சளி, தொய்வு உள்ளவர்களும் சிறு பிள்ளைகளும் பக்கத்தில் நிற்க வேண்டாம். பிறகு சாதாரண சவர்க்காரத்தைச் சீவி, வெதுவெதுப்பான தண்ணீரில் கரைத்து மெதுவான பிரஷால் தேய்க்க வேண்டும். சலவைத் தூள் வேண்டாம். அதன் மிச்சம் துணியில் தங்கி, தண்ணீரைத் தள்ளுவதற்குப் பதிலாக இழுத்துக்கொள்ளும். குளோரின் கலந்த வெளுப்பு மருந்தும் வேண்டாம், அது நூலைப் பலவீனப்படுத்தும். கொதிநீரில் கன்வஸ் சுருங்கும்.

பூஞ்சணம் பிடித்த இடங்களுக்கு ஒரு பங்கு நிறமற்ற வினாகிரிக்கு நான்கு பங்கு தண்ணீர் கலந்து தடவி, அரை மணி நேரம் விட்டு, சவர்க்காரம் முழுதும் போகும்வரை அலச வேண்டும். கறுப்புக் கறை முழுதும் போகாது. வாடை போய்விட்டால் போதும் என்று விட்டுவிடுங்கள். கறையைப் போக்கப் போய் துணியைத் தேய்த்துக் கிழித்துவிடாதீர்கள்.

பின்பு காயவைப்பது. வெயிலில் நடுப்பகுதி ஒரு நாளில் காய்ந்துவிடும். தையல் ஓரமும், கயிறு கோத்த கரையும் கடைசியில்தான் காயும். நாம் ஏமாறுவது அங்கேதான். உள்ளங்கையை வைத்துப் பாருங்கள், குளிர்ச்சி தட்டினால் இன்னும் காயவில்லை.

நன்கு காய்ந்தபின் மெழுகு. தேன்மெழுகையும் சாதாரண வெள்ளை மெழுகுதிரியையும் உருக்கிக் கட்டியாக்கி, நடுப்பகல் வெயிலில் துணி சூடாக இருக்கும்போது அழுத்தித் தேய்க்க வேண்டும். தையல் வரிசையில் இரண்டு தடவை தேய்க்க வேண்டும், ஏனெனில் ஊசித் துவாரங்கள் வழியாகத்தான் முதலில் ஒழுகும். மேலே மண்ணிறக் காகிதம் வைத்து, சூடு குறைத்த அயனால் ஒற்றினால் மெழுகு நூலுக்குள் இறங்கும். பெரிய படங்கு முழுவதற்கும் இது முடியாத வேலை. அதற்குக் கன்வஸுக்கென்று விற்கும் நீர்காப்புத் திரவத்தை மெல்லியதாக இரண்டு தடவை பூசி, ஒரு முழு நாள் காயவிடலாம்.

இங்கே ஓர் எச்சரிக்கை. மெழுகை நேரடியாக அடுப்பில் வைக்காதீர்கள். கொதிநீருள்ள பாத்திரத்துக்குள் இன்னொரு பாத்திரம் வைத்து உருக்குங்கள். தப்பித்தவறித் தீப்பிடித்தால் தண்ணீர் ஊற்றக் கூடாது. அடுப்பை அணைத்து, மூடியால் மூடுங்கள். மண்ணெண்ணெய், டர்பன்டைன் கலக்கும் யோசனையும் வீட்டில் வேண்டாம். மெழுகூட்டிய படங்கைச் சாப்பாடு சமைக்கும் அடுப்புக்கு மேலே ஒருபோதும் கட்ட வேண்டாம்.

இன்று கடைகளில் கிடைக்கும் நீலநிறப் பிளாஸ்டிக் விரிப்புக்கு மெழுகு பிடிக்காது. அதைக் கழுவிக் காயவைத்து, துளைகளை அதற்குரிய பட்டியால் ஒட்டலாம். வெயிலில் நொறுங்கத் தொடங்கினால் மாற்றுவதுதான் வழி. லொறிக்குப் போடும் ரெக்சின் பூசிய துணிக்கும் சவர்க்காரத் தண்ணீர் போதும்.

எங்களுக்கு இந்த வேலை முடிய ஒரு கிழமை சென்றது. அரை மணி நேர அவசரத்துக்கு ஒரு கிழமை வேலை. படங்கு திரும்பவும் மழையைத் தாங்குகிறது. கறுப்புப் புள்ளிகள் சில போகவேயில்லை. ஒவ்வொரு முறை அதைக் கட்டும்போதும் அவை என் கண்ணில்தான் முதலில் படுகின்றன. அந்தத் தாயையும் போய்ப் பார்த்துச் சொன்னேன். "அன்டைக்கு நான் நனைஞ்சதே எனக்குத் தெரியாது மகன்" என்றார். அந்தப் பதில் எனக்கு ஆறுதலாக இருக்கவில்லை.

சகோதரிகளே, 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயலில் கண்டி மாவட்டத்து மலைச்சரிவுகள் சரிந்தபோது, வீட்டை இழந்தவர்கள் தலைக்கு மேலே முதலில் தேடியது ஒரு விரிப்பைத்தான். யாருக்கு எப்போது அது வேண்டிவரும் என்று முன்கூட்டித் தெரியாது. நம் வீட்டுக் கலியாணத்துக்கும் அடுத்த வீட்டு மௌத்துக்கும் இடையில் சில நாட்களே இருக்கலாம்.

ஆகவே உங்கள் வீட்டுக்கு இரவலாகப் படங்கு வந்தால், அதைத் திருப்பிக் கொடுக்கும் வேலையை அவசரக்கார ஆண்களிடம் மட்டும் விட்டுவிடாதீர்கள். துணி காய்ந்ததா இல்லையா என்று உங்களுக்குத் தெரிந்த அளவு எங்களுக்குத் தெரியாது. வெயில் இல்லையென்றால் விறாந்தையில் கயிறு கட்டி இரண்டு மூன்று நாள் போடுங்கள். அன்றே கொடுத்தாக வேண்டுமென்றால், "ஈரமாக இருக்கிறது, விரித்துப் போடுங்கள்" என்று பொறுப்பானவரிடம் வாய்விட்டுச் சொல்லுங்கள். மடிக்காமல் தளர்வாகச் சுருட்டி, தரையில் படாமல் பலகை மேல் வைக்கச் சொல்லுங்கள். சாவியைக் கொடுப்பதற்கு முன் தையல் ஓரத்தில் ஒரு தடவை கையை வைத்துப் பாருங்கள்.