சாம்பலுக்கு அப்பாலும் ஏடுகள் உண்டு

‘1922-இல் டப்ளின் ஆவணக் காப்பகம் எரிந்ததோடு அயர்லாந்துக் குடும்பங்களின் வேர் தேடும் வழி அடைபட்டது, இனி டி.என்.ஏ. மட்டுமே துணை’ என்கிறார்கள். இரண்டுமே பிழை.

முதலில் தீ. 1821 முதல் 1851 வரையிலான மக்கள்தொகைக் கணக்கெடுப்பு ஏடுகளில் பெரும்பகுதி அதில் எரிந்தது உண்மை. ஆனால் 1861, 1871 ஏடுகளை அதற்கு வெகுமுன்பே அரசே அழித்துவிட்டது. 1881, 1891 ஏடுகள் முதல் உலகப் போர்க்காலத்தில் கூழாக்கப்பட்டன. எல்லாப் பழியையும் தீயின்மேல் போடுவது வரலாறு ஆகாது. கத்தோலிக்கப் பங்குகளின் ஞானஸ்நான, திருமணப் பதிவேடுகள் அந்தந்தப் பங்குகளிலேயே இருந்ததால் தப்பின. 1864-இல் தொடங்கிய பிறப்பு, இறப்புப் பதிவுகளும், நிலம் யார் கையில் இருந்தது என்று ஊர்வாரியாகச் சொல்லும் கிரிஃபித் மதிப்பீடும், 1901, 1911 கணக்கெடுப்புகளும் இன்று இணையத்தில் இலவசமாகவே கிடைக்கின்றன.

அடுத்து டி.என்.ஏ. இருவருக்கிடையே எத்தனை சென்டிமார்கன் (மரபணுத் துண்டுகளை அளக்கும் அலகு) பொது என்று அது சொல்லும். பொது மூதாதை யார் என்று சொல்லாது. ஒரே வட்டாரத்துக்குள் தலைமுறைகளாகப் பெண் கொடுத்து எடுத்த குடும்பங்களில் தூரத்து உறவும் நெருங்கிய உறவாகத் தோன்றும். மறுபுறம், ஒரே எள்ளுத்தாத்தா, எள்ளுப்பாட்டி வழிவந்த இருவரிடையே ஏறத்தாழப் பத்தில் ஒரு முறை பொதுத் துண்டே தென்படாது. பொருத்தம் இல்லை என்பது உறவில்லை என்பதற்குச் சான்றல்ல.

அயர்லாந்தின் பெரும் பஞ்சக் காலத்தில் கப்பலேறியவர்களின் வழிவந்தோர் தேடுவது ஒரு பெயரை, ஓர் ஊரை. மரபணு துப்புக் கொடுக்கும். பெயரும் ஊரும் ஏட்டில்தான் இருக்கின்றன. அந்த ஏட்டைப் புரட்டாதே என்று அவர்களிடம் சொல்வது அநீதி.