கோழிக்கு டானிக்கா, இடமா?

சென்ற மாதம் பல்லடம் பக்கம் என் தங்கையின் மருமகன் நடத்தும் பிராய்லர் பண்ணைக்குப் போயிருந்தேன். ஒரே கொட்டகையில் 5,000 கோழிகள். ஒன்றுக்கு ஒரு சதுர அடி. குமாஸ்தாவாக ஆயுள் முழுக்க நான் எழுதித் தள்ளிய புல்ஸ்கேப் தாளைவிடச் சற்றே பெரிய இடம். வாசலிலேயே அம்மோனியா நெடி கண்ணைக் கரித்தது.

மாப்பிள்ளை டப்பாக்களைக் காட்டினார். "ஆன்டிபயாட்டிக் எல்லாம் இல்லீங்க மாமா. வைட்டமின் சி, எலக்ட்ரோலைட், புரோபயாட்டிக். வெயிலுக்குத் தண்ணியில கலக்கறோம்."

அவர்மேல் எனக்குக் கோபமில்லை. அந்த டப்பாவையே ஆரோக்கியம் என்று விற்கிற கம்பெனிக்காரர்கள்மேல்தான் கோபம். கோழி தனக்கு வேண்டிய வைட்டமின் சி-யைத் தன் உடம்பிலேயே தயாரித்துக்கொள்ளும் பறவை. சூடும் நெரிசலும் சேரும்போதுதான் அது போதாமல் போகிறது. இறக்கையை விரிக்க இடம் கொடுக்காமல், இடமில்லாத குறைக்கு மருந்து கொடுப்பது என்ன நியாயம்?

நம் வயதுக்காரர்கள் வாட்ஸ்அப்பில் ஹார்மோன் ஊசி என்று பரப்புகிறார்கள். அது கட்டுக்கதை. 5,000 கோழிக்கு யார் ஐயா தினமும் ஊசி போடுவது? அந்த வளர்ச்சி இனக்கலப்பாலும் தீவனத்தாலும் வந்தது. பயப்பட வேண்டிய விஷயம் வேறு. மனிதனுக்கு வேறெந்த மருந்தும் கேட்காதபோது கடைசியாகக் கொடுக்கும் கொலிஸ்டினைக் கோழித் தீவனத்தில் கலந்துகொண்டிருந்தார்கள். 2019 ஜூலையில்தான் மத்திய அரசு தடை செய்தது. மருந்து போய் டானிக் வந்தது. நெரிசல் அப்படியே இருக்கிறது.

புதுச்சேரியில் நான் படித்த பிரெஞ்சுப் பள்ளியில், ஒவ்வொரு குடியானவன் வீட்டிலும் ஞாயிறுதோறும் பானையில் கோழி வேக வேண்டும் என்று நான்காம் ஆன்ரி மன்னன் ஆசைப்பட்டதாகச் சொல்லித் தந்தார்கள். அந்த பிரான்சில் 'லாபெல் ரூஜ்' முத்திரைக் கோழி மெதுவாக வளரும் இனமாக இருக்க வேண்டும். வெளியில் மேய வேண்டும். 81 நாளுக்கு முன் வெட்டக் கூடாது. நம்மூரில் நாற்பது நாளில் கதை முடிந்துவிடும். அங்கும் நெரிசல் கொட்டகைகள் உண்டு, மறைக்கவில்லை. ஆனால் வாங்குகிறவனுக்கு வித்தியாசம் தெரிகிறது.

குஞ்சைக் குறைக்கக் கூடாதா என்று மாப்பிள்ளையைக் கேட்டேன். குஞ்சு, தீவனம், மருந்து எல்லாம் கம்பெனியுடையது. இவருக்குக் கிலோவுக்கு இவ்வளவு என்று வளர்ப்புக் கூலி மட்டும். "ஆயிரம் குஞ்சு குறைஞ்சா கரண்டு பில்லை யாருங்க மாமா கட்டறது?"

நியாயமான கேள்வி. அப்படியானால் கூலியைக் கொட்டகைக் கணக்கில் கொடுக்கட்டும். கறிக்கடைப் பலகையில் விலைக்குப் பக்கத்தில், எத்தனை நாள் கோழி, எவ்வளவு இடத்தில் வளர்ந்தது என்றும் எழுதட்டும். கிலோவுக்கு இருபது ரூபாய் கூடினால் என் பென்ஷனிலிருந்து தரத் தயார். மாதத்தில் ஒரு ஞாயிறு வீட்டில் கத்தரிக்காய்க் குழம்பு வைத்தால் போகிறது.