கருக்கலைப்பில் ஆபத்து எங்கிருந்து வருகிறது?

கருக்கலைப்பு பெண்ணின் உடலையும் மனத்தையும் நிரந்தரமாகக் கெடுத்துவிடுகிறது என்ற வாதம் 1980களில் அமெரிக்காவில் வலுப்பெற்று, இன்று இந்தியாவிலும் அவ்வப்போது எதிரொலிக்கிறது. கருவின் உயிர் பற்றிய அறக்கேள்வியில் மனிதர்கள் தத்தம் நம்பிக்கைக்கேற்ப வேறுபடலாம் என்றாலும், உடல்நலம் பற்றிய கேள்விக்கு மருத்துவச் சான்றுகள்தாம் விடை சொல்ல வேண்டும். அந்தச் சான்றுகள் காட்டுவது ஒன்றே: பெண்களுக்கு நேரும் பெருங்கேடு கருக்கலைப்பு என்ற மருத்துவச் செயலிலிருந்து வருவதைவிட, அது மறைவாகவும் தாமதமாகவும் தகுதியற்ற கைகளாலும் நடப்பதிலிருந்தே வருகிறது.

மார்பகப் புற்றுநோய் பற்றிய அச்சத்தை முதலில் எடுத்துக்கொள்ளலாம். நோயுற்ற பெண்களையும் நோயற்ற பெண்களையும் நேரில் விசாரித்து நடந்த தொடக்ககால ஆய்வுகள் சில, கருக்கலைப்புக்கும் இந்நோய்க்கும் தொடர்பு இருப்பதாகக் கூறின. ஆனால் நோயுற்றவர் தம் கடந்த காலத்தைத் துருவித் துருவி நினைவுகூர்ந்து சொல்வதும், நலமாக இருப்பவர் பிறரிடம் சொல்லத் தயங்கும் செய்தியை விட்டுவிடுவதும் இயல்பு. இதனால் முடிவு ஒரு பக்கமாகச் சாய்வதை ஆய்வாளர்கள் நினைவுச் சாய்வு என்பர். யாருடைய நினைவையும் நம்பாமல், அரசுப் பதிவேடுகளைக் கொண்டு டென்மார்க்கில் சுமார் 15 லட்சம் பெண்களை ஆராய்ந்து 1997இல் வெளியான ஆய்வில், ஒட்டுமொத்தமாகக் கூடுதல் ஆபத்து எதுவும் தென்படவில்லை. 16 நாடுகளின் 53 ஆய்வுகளைத் தொகுத்து 2004இல் லான்செட் இதழில் வெளிவந்த மறுபகுப்பாய்வும் இதே முடிவுக்கு வந்தது.

மனநலம் பற்றிய விவாதம் இதைவிடச் சிக்கலானது. கருக்கலைப்பின் விளைவுகள் குறித்து அறிக்கை தருமாறு அமெரிக்க அதிபர் ரீகன் கேட்டபோது, கருக்கலைப்பைக் கொள்கையளவில் எதிர்த்தவரான தலைமை மருத்துவ அதிகாரி எவரெட் கூப், கிடைக்கும் ஆய்வுகளைக் கொண்டு உறுதியான முடிவு எதையும் சொல்ல இயலாது என்று 1989இல் எழுதினார். தம் நம்பிக்கைக்காகச் சான்றை வளைக்க மறுத்த அந்த நேர்மை இன்றும் போற்றத்தக்கது. பின்னர் டென்மார்க்கின் பதிவேடுகளைக் கொண்டு 2011இல் வெளியான ஆய்வு, பெண்கள் மனநல மருத்துவ உதவியை நாடிய விகிதம் கருக்கலைப்புக்கு முன்னும் பின்னும் ஏறத்தாழ ஒரே அளவில் இருந்ததைக் கண்டது. கருக்கலைப்பு மறுக்கப்பட்டவர்களையும் அது கிடைத்தவர்களையும் கலிஃபோர்னியப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் ஐந்தாண்டுகள் பின்தொடர்ந்தபோது, தொடக்கத்தில் அதிகப் பதற்றத்துக்கு ஆளானவர்கள் மறுக்கப்பட்ட பெண்களே என்று தெரிந்தது. அழைக்கப்பட்டவர்களில் பாதிக்கும் குறைவானோரே இவ்வாய்வில் பங்கேற்றனர் என்ற குறையை விமர்சகர்கள் சுட்டுவது சரியே. ஆனால் பங்கேற்பவரின் விருப்பத்தைச் சாராத டென்மார்க் பதிவேடுகளும் கருக்கலைப்பால் மனநோய் கூடியதாகக் காட்டவில்லை. அதே வேளையில், முன்பே மனநோய்க்கு ஆளானவர்களும், குடும்பத்தின் வற்புறுத்தலால் கருவைக் கலைத்தவர்களும், விரும்பிச் சுமந்த கருவை மருத்துவக் காரணத்தால் இழந்தவர்களும் ஆழ்ந்த துயரத்துக்கு உள்ளாகக்கூடும் என்பதை யாரும் மறுக்க வேண்டியதில்லை. அவர்களுக்குத் தேவை ஆலோசனையும் ஆதரவுமே தவிர அச்சுறுத்தல் அல்ல.

எதிர்ப்பாளர்கள் சொல்வதில் கவனிக்கத்தக்க உண்மை ஒன்று உண்டு. டி அண்ட் சி என்று மக்கள் வழக்கில் அறியப்படும் முறையில், கருப்பை வாயை விரித்து, கூர் விளிம்புள்ள உலோகக் கரண்டியை உள்ளே செலுத்திக் கருப்பையின் உட்சுவரைச் சுரண்டி எடுக்கின்றனர். இது திரும்பத் திரும்பச் செய்யப்படும்போது உட்சுவரில் தழும்பு விழவும், அடுத்த குழந்தை குறைமாதத்தில் பிறக்கவும் வாய்ப்பு கூடுகிறது. ஆனால் இது அந்தக் கருவிக்கு எதிரான சான்று. உலகச் சுகாதார நிறுவனம் இம்முறையைக் கைவிடச் சொல்லி, மென்மையான பிளாஸ்டிக் குழாயைப் பெரிய ஊசிக்குழலில் பொருத்திக் கருவை உறிஞ்சி எடுக்கும் வெற்றிட உறிஞ்சல் முறையைப் பரிந்துரைக்கிறது. மின்சாரமும் பெரிய அறுவை அரங்கும் தேவைப்படாத, சில நிமிடங்களில் முடிந்துவிடும் இம்முறை இருக்கையில், இந்திய மருத்துவமனைகள் பலவற்றில் உலோகக் கரண்டி இன்னும் கையாளப்படுவது பொறுத்துக்கொள்ளக்கூடியதன்று.

தடை செய்தால் பெண்களின் உடல்நலம் காக்கப்படும் என்ற எண்ணத்துக்கு ருமேனியா விடை சொல்லியிருக்கிறது. 1966இல் அங்கே கருக்கலைப்பு ஏறக்குறைய முற்றிலும் தடை செய்யப்பட்டபின் பேறுகால மரணங்கள் ஐரோப்பாவிலேயே மிக உயர்ந்த அளவை எட்டின. அவற்றில் பெரும்பாலானவை மறைவான கருக்கலைப்பால் நேர்ந்தவை. 1989 டிசம்பரில் தடை நீங்கியதும் ஓராண்டுக்குள் அம்மரண விகிதம் ஏறத்தாழப் பாதியாகக் குறைந்தது.

இந்தியா 1971லேயே மருத்துவக் கருக்கலைப்புச் சட்டம் இயற்றிய நாடு. ஆயினும், தமிழ்நாடு உள்ளிட்ட ஆறு மாநிலங்களில் நடந்த கணக்கெடுப்பின் அடிப்படையில் வெளியான மதிப்பீட்டின்படி, 2015இல் நாட்டில் நடந்த சுமார் 1.56 கோடி கருக்கலைப்புகளில் 22 விழுக்காடு மட்டுமே மருத்துவமனைகளில் நடந்தன; 73 விழுக்காடு மருத்துவமனைக்கு வெளியே மாத்திரைகளால் நடந்தன; ஏறத்தாழ 8 லட்சம் பிற முறைகளால், பெரும்பாலும் பாதுகாப்பின்றி நடந்தன. மைஃபிபிரிஸ்டோன், மைசோபிரஸ்டால் என்ற இம்மாத்திரைகள் கர்ப்பத்தின் தொடக்க வாரங்களில் உரிய அளவில் உட்கொள்ளப்பட்டால் மிகவும் பாதுகாப்பானவை. கரு கருப்பைக்கு வெளியே குழாயில் தங்கியிருப்பதை அறியாமலோ, நாள் கடந்த பின்னரோ உட்கொள்வதும், தொடர்ந்து இரண்டு மணி நேரம் மணிக்கு இரண்டு நாப்கின்கள் நனையும் அளவுக்குக் குருதி போனால் உடனே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும் என்பதை யாரும் சொல்லாமல் விடுவதுமே ஆபத்து.

அரசு மருத்துவமனை இருந்தும் பெண்கள் ஏன் மருந்துக்கடைக்குப் போகிறார்கள் என்பதே அரசு கேட்க வேண்டிய கேள்வி. பதினெட்டு வயது நிறைந்த பெண்ணின் ஒப்புதல் மட்டுமே போதும் என்று சட்டம் சொல்லும்போது, கணவரின் கையெழுத்து கேட்கப்படுகிறது. குடும்பக் கட்டுப்பாட்டு அறுவைக்குச் சம்மதித்தால்தான் கருக்கலைப்பு என்ற நிபந்தனை விதிக்கப்படுகிறது. திருமணமாகாதவர் வந்தால் ஏளனம் காத்திருக்கிறது. இத்தனைக்கும், இருபது முதல் இருபத்து நான்கு வாரம் வரையிலான கருவைக் கலைக்கும் உரிமை திருமணமாகாத பெண்களுக்கும் உண்டு என்றும், பதினெட்டு வயதுக்குட்பட்ட பெண்ணும் அவளுடைய பாதுகாவலரும் கேட்டுக்கொண்டால் போக்சோ சட்டப்படி தகவல் தரும் மருத்துவர் அவளது அடையாளத்தை வெளியிட வேண்டியதில்லை என்றும் உச்ச நீதிமன்றம் 2022 செப்டம்பர் 29 அன்று தீர்ப்பளித்தது. கருவின் பாலினம் அறிந்து கலைப்பதைத் தடுக்கும் சட்டத்தின் பெயரால் இம்மாத்திரைகளைச் சந்தேகத்தோடு பார்ப்பதிலும் பொருளில்லை; அரசு விதிகள் ஒன்பது வாரம் வரைதான் இவற்றை அனுமதிக்கின்றன, ஸ்கேனில் பாலினம் தெரிவதோ அதற்குப் பிந்தைய வாரங்களில்.

சட்டப்படி அரசு நடத்தும் மருத்துவமனை எதுவும் கருக்கலைப்புக்குத் தகுதியான இடமே. உரிய பயிற்சி பெற்ற எம்.பி.பி.எஸ். மருத்துவர் பன்னிரண்டு வாரம் வரையிலான கருவைக் கலைக்க விதிகள் இடம் தருகின்றன. எனவே தமிழ்நாடு அரசு ஒவ்வொரு ஆரம்ப சுகாதார நிலையத்திலும் ஒரு மருத்துவருக்கேனும் இப்பயிற்சி அளித்து, வெற்றிட உறிஞ்சல் கருவியையும் மாத்திரைகளையும் இருப்பில் வைத்து, டி அண்ட் சி முறையை நிறுத்த ஆணையிட்டு, கணவரின் கையெழுத்து சட்டப்படி தேவையில்லை என்ற அறிவிப்பைப் புறநோயாளர் பிரிவின் வாசலிலேயே எழுதி வைக்க வேண்டும்.