வைத்தியப் பரீட்சையும் மந்திரப் பாடமும்

நமது நாட்டு வாலிபர்களும் பெண்களும் வைத்தியம் படிப்பதற்காக ரஷ்யா, சீனா, ஜார்ஜியா, பிலிப்பைன்ஸ் முதலிய தேசங்களுக்குப் போவது சில காலமாக அதிகப்பட்டு வந்திருக்கின்றது. நிலத்தை ஈடு வைத்தும், நகையை விற்றும், வட்டிக்கு வாங்கியும் பிள்ளைகளை அனுப்பும் பெற்றோர்கள் பட்டணங்களில் மாத்திரமல்லாமல் கிராமங்களிலும் இருக்கின்றார்கள். அப்படிப் போய்ப் பட்டம் பெற்றுத் திரும்பினவர்கள் இங்கு வைத்தியம் செய்ய வேண்டுமானால் ஒரு பரீட்சையில் தேறியாக வேண்டும் என்பது 2002-ம் வருஷம் முதல் இருந்து வரும் ஏற்பாடாகும். தேசிய பரீட்சை வாரியத்தார் வருஷத்திற்கு இரண்டு தடவை நடத்தும் இப்பரீட்சையில் 300 கேள்விகள். ஒவ்வொரு கேள்விக்கும் நான்கு விடைகள் கொடுத்திருப்பார்கள். சரியானதைக் காட்ட வேண்டியதுதான். 150 சரியாக இருந்தால் தேறினதாக அர்த்தம். தப்பு விடைக்காக மார்க்கு குறைப்பதும் கிடையாது. இவ்வளவு தாராளம் இருந்தும், பல தடவைகளில் எழுதினவர்களில் கால்வாசிப் பேர்கூடத் தேறவில்லை.

இதைக் கண்டு பரீட்சையே ஒரு கொடுமை என்று கூச்சல் போடுகின்றவர்கள் இருக்கின்றார்கள். அவர்களுடன் சேர்ந்து கூச்சல் போட நாம் தயாராயில்லை. துணி வாங்குகின்றவன் கையால் தடவிப் பார்க்கின்றான். மாடு வாங்குகின்றவன் பல்லைப் பிடித்துப் பார்க்கின்றான். ஜுரத்தோடு வரும் நோயாளி டாக்டருடைய எதைப் பிடித்துப் பார்ப்பான்? அவனுக்காக வேறொருவர் முன்கூட்டியே பார்த்து வைப்பதுதான் லைசென்சுப் பரீட்சை என்பது. கல்லூரியில் இடம் கொடுப்பதற்காக வடிகட்டும் பரீட்சைகள் வேறு. அவற்றின் நியாய அநியாயத்தைத் தனியாகப் பேச வேண்டும். இது நோயாளிக்குக் காவல். அன்றியும், விடைத்தாளுக்கு ஜாதியும் தெரியாது, ஆணா பெண்ணா என்பதும் தெரியாது. இங்கிலாந்தில் பெண்களை எந்த வைத்தியக் கல்லூரியும் சேர்க்காத காலத்தில், எலிசபெத் காரெட் என்னும் பெண்மணி தனியாகப் பாடம் கேட்டு, மருந்து வியாபாரிகள் சங்கத்தார் நடத்திய லைசென்சுப் பரீட்சையை எழுதி 1865-ல் தேறிவிட்டார். உடனே அச்சங்கத்தார் செய்தது என்னவென்றால், தனியாகப் படித்தவர்கள் இனிமேல் பரீட்சைக்கு வரக்கூடாதென்று விதியை மாற்றிக் கொண்டதுதான்! பரீட்சையில் குறையில்லை, கதவைச் சாத்தினவர்களிடம்தான் குறை என்பதற்கு இது ஒன்றே போதும்.

நிற்க, நமக்குள்ள குறை வேறு. அது இந்தப் பரீட்சைக்குப் படிக்கின்ற விதத்தைப் பற்றியதாகும்.

300 கேள்விகளில் 100 கேள்விகள் வைத்தியத்தின் அடிப்படைச் சாஸ்திரங்களிலிருந்து வருபவை. தேகத்தின் அமைப்பு, அதன் வேலை, அதற்குள் நடக்கும் ரசாயனம், வியாதி உண்டாகும் விதம், கிருமிகள், மருந்துகள், கோர்ட்டுக்கு வேண்டிய வைத்தியம் ஆகியவை. "வயிற்று வலிக்கு மருந்து கொடுக்கப் போகின்றவனுக்கு இந்த ரசாயனமெல்லாம் எதற்கு?" என்று கேட்கும் மாணவர்கள் அநேகர். எதற்கு என்று தெரியாததால், கடைசி மூன்று மாதத்தில் தனிப்பயிற்சிக் கூடத்தில் கட்டணம் கட்டி, அங்கு அச்சடித்துக் கொடுக்கும் வரிகளை விடிய விடிய உருப்போடுகின்றார்கள். இன்ன வியாதி என்றால் இன்ன மருந்து, இன்ன கறை என்றால் இன்ன கிருமி. ஏன் என்ற கேள்வியே கிடையாது. அர்த்தம் தெரியாமல் மந்திரம் சொல்லும் புரோகிதருக்கும் இவர்களுக்கும் என்ன வித்தியாசம் என்று கேட்கின்றோம். புரோகிதருக்காவது தப்பாகச் சொன்னால் தட்சணை குறையாது. இவர்கள் தப்பாகச் சொன்னால் ஒரு உயிர் போய்விடும்.

பாம்புக் கடியை எடுத்துக் கொள்வோம். நமது கிராமத்துத் தோழர்கள் அறியாத விஷயமல்ல. ராத்திரி தரையில் படுத்திருந்தவன் விடியற்காலையில் வயிற்றை வலிக்கின்றது என்கின்றான். கடித்த இடத்தில் வீக்கமில்லை, வலியில்லை; பல் பட்ட அடையாளம்கூடக் கண்ணுக்குத் தெரிவதில்லை. கொஞ்ச நேரத்தில் கண்ணிமை தானாகச் சரிந்து கொண்டு வருகின்றது. இது கட்டுவிரியன். இன்னொருவனை நல்லபாம்பு கடித்திருக்கின்றது. அவனுக்கும் இமை சரிகின்றது, மூச்சும் திணறுகின்றது. பார்ப்பதற்கு இரண்டும் ஒன்றுபோல் இருந்தாலும் உள்ளே நடப்பது ஒன்றல்ல. நரம்பானது சதைக்கு உத்தரவு அனுப்புவது அசிட்டைல்கோலின் என்ற வஸ்துவின் மூலமாகும். நரம்பின் நுனி அதைக் கக்குகின்றது; சதை அதை வாங்கிக் கொள்கின்றது. நல்லபாம்பின் விஷம் வாங்குகின்ற இடத்தை அடைத்துக் கொள்கின்றது. கட்டுவிரியன் விஷமோ கக்குகின்ற நுனியையே கெடுத்து விடுகின்றது. ஆகவேதான் அசிட்டைல்கோலின் அழியாமல் நிற்கச் செய்யும் நியோஸ்டிக்மின் என்ற மருந்து நல்லபாம்புக் கடியில் பலன் கொடுக்கும். கட்டுவிரியன் கடியில் அதை நம்பி உட்கார்ந்திருந்தால் காரியம் கெட்டுவிடும். அங்கே விஷமுறிவு மருந்தோடு, நுனி மறுபடி தேறி வரும் வரையில் நாட்கணக்கில்கூட யந்திரத்தால் மூச்சு விடச் செய்ய வேண்டியிருக்கும். நரம்பும் சதையும் சேருமிடத்தைப் பற்றிய இந்தப் பாடத்தைத்தான் மாணவன் "இது எதற்கு" என்று தள்ளி விடுகின்றான்.

கண்ணாடி விரியன் கதை இன்னொன்று. அதன் விஷத்தால் ரத்தம் உறையும் சக்தியை இழந்து விடுகின்றது. இதைக் கண்டுபிடிக்கப் பெரிய யந்திரம் ஒன்றும் வேண்டாம். சுத்தமான, ஈரமில்லாத கண்ணாடிக் குழாயில் இரண்டு மில்லி ரத்தத்தை எடுத்து, 20 நிமிஷம் அசைக்காமல் வைத்துச் சாய்த்துப் பார்த்தால் போதும். உறையாமல் வழிந்தால் விஷம் ஏறியிருக்கின்றது. ஒரு கிராமத்து ஆஸ்பத்திரியிலும் செய்யக்கூடிய சோதனை. ஆனால் "20 நிமிஷம்" என்பதை மாத்திரம் உருப்போட்டவன் பிளாஸ்டிக் குழாயில் எடுத்து வைத்துக் கொண்டு ஏமாந்து போவான். ஏனென்றால் ரத்தம் உறைவதைத் தூண்டி விடுவது கண்ணாடிதான்; பிளாஸ்டிக்கில் நல்ல ரத்தம்கூட அப்படி உறையாது. காரணம் தெரிந்தவனுக்குக் குழாயை யாரும் சொல்லிக் கொடுக்க வேண்டியதில்லை.

(பாம்புக்கு மந்திரிக்கின்றவர்களுக்குப் பேர் கிடைப்பதும் இதனால்தான். கடிக்கின்ற பாம்புகளில் அநேகம் விஷமில்லாதவை. விஷமுள்ளதும் பல சமயம் விஷத்தை இறக்காமலே கடித்துவிட்டுப் போகின்றது. அவர்கள் தானாகப் பிழைத்தால் புகழ் மந்திரவாதிக்கு. செத்தால் பழி தலைவிதிக்கு. விஷமுறிவு மருந்துக்கு வேண்டிய விஷத்தை எடுத்துக் கொடுப்பவர்கள், சென்னைக்குத் தெற்கே வடநெம்மேலியில் 1978-ல் கூட்டுறவுச் சங்கம் ஏற்படுத்திக் கொண்ட இருளர்கள். அவர்களுக்கு எந்தக் கோயிலிலும் மாலை போடுவதாகக் காணோம்.)

வாந்திபேதியைப் பற்றியும் சொல்ல வேண்டும். அம்மன் கோபமென்று ஊரே கூழ் ஊற்றிக் கொண்டிருந்த வியாதி அது. காலராக் கிருமியின் விஷம் குடலிலிருந்து உப்பையும் தண்ணீரையும் வெளியே தள்ளுகின்றது. ஆனால் குடலில் உப்புச் சத்தையும் குளுக்கோஸையும் ஜோடியாகச் சேர்த்து உள்ளே இழுக்கும் வாசல் ஒன்று இருக்கின்றது. அதைக் காலரா கெடுப்பதில்லை. சர்க்கரையோடு சேர்ந்து உப்புப் போகும். உப்பின் பின்னாலே தண்ணீர் போகும். இது 1960-களில் தெளிவான ஒரு உடற்கூற்று விஷயம். பரீட்சைப் புத்தகத்தில் ஒரு வரிதான். 1971-ல் வங்காளதேச யுத்தத்தில் அகதிகள் லட்சக்கணக்காக வந்து, எல்லையோரத்து போங்காவ் முகாமில் காலராவால் மடிந்த காலத்தில், நரம்பு வழியாக ஏற்றும் உப்புத் தண்ணீர் தீர்ந்து போயிற்று. அப்போது டாக்டர் திலீப் மகலானபிஸ் இந்த ஒரு வரியை நம்பி, உப்பும் குளுக்கோஸும் சோடா உப்பும் பொட்டலம் கட்டிக் கொடுத்து, தண்ணீரில் கரைத்துத் தாய்மார்கள் கையாலேயே புகட்டச் செய்தார். நூற்றுக்கு 30 பேர் செத்துக் கொண்டிருந்த இடத்தில் சாவு நூற்றுக்கு 4-க்கும் கீழே இறங்கிற்று.

இன்று மருந்துக் கடையில் விற்கும் பொட்டலத்தின் கணக்கு பரீட்சையில் அடிக்கடி கேட்கப்படுவது. ஒரு லிட்டருக்கு உப்பு 2.6 கிராம், குளுக்கோஸ் 13.5, பொட்டாசியம் குளோரைடு 1.5, சிட்ரேட் 2.9. இந்த நான்கு எண்களையும் உருப்போட்டவன் பரீட்சை முடிந்த மறுநாளே மறந்து போகின்றான். ஜோடி வாசலுக்காகவே உப்புச் சத்தும் குளுக்கோஸும் சம அளவில், லிட்டருக்கு 75 வீதம் வைத்திருக்கின்றார்கள் என்று தெரிந்து கொண்டவன் மறப்பதில்லை. குழந்தைக்குச் சர்க்கரையை அள்ளிப் போட்டுக் கொடுக்கும் தாயாரிடம், சர்க்கரை மிஞ்சினால் அது தண்ணீரைக் குடலுக்குள் இழுத்துப் பேதியை அதிகப்படுத்தும் என்று அவனால் எடுத்துச் சொல்லவும் முடியும்.

பொட்டாசியமும் அப்படியே. ரத்தத்தில் அது 3.5 முதல் 5 வரை என்று எல்லோரும் ஒப்பிக்கின்றார்கள். சர்க்கரை வியாதி முற்றி மயக்கமாய் வந்தவனுக்கு அந்த எண் சரியாகவே இருக்கலாம். ஆனால் மூத்திரத்தில் போய்ப் போய்த் தேகத்தின் சேமிப்பு காலியாயிருக்கும். இன்சுலின் போட்டதும் ரத்தத்தில் இருப்பதும் அணுக்களுக்குள் ஓடிவிடும். இருதயம் தாளம் தப்பி நின்று போகலாம். ஆகவே பொட்டாசியத்தைப் பார்க்காமல் இன்சுலின் ஆரம்பிக்கக் கூடாது; மிகவும் குறைந்திருந்தால் அதை முதலில் கொடுக்க வேண்டும். எண்ணை அறிந்ததனால் பிழைப்பதில்லை, ஓட்டத்தை அறிந்தால்தான் பிழைப்பு.

அப்படியானால் மனப்பாடமே வேண்டாமா என்று கேட்கலாம். வேண்டும். மண்டையிலிருந்து புறப்படும் 12 நரம்புகளின் பேரை யாரும் யோசித்துக் கண்டுபிடிக்க முடியாது. வாய்ப்பாடு தெரியாதவன் கணக்கு எப்படிப் போடுவான்? ஆனால் மனப்பாடம் செய்ததையே வேதமாக்கிக் கொள்ளக் கூடாது. மனிதனுடைய அணுவில் குரோமோசோம்கள் 48 என்று 1920-களில் ஒரு பெரிய விஞ்ஞானி சொன்னார். முப்பது வருஷத்துக்கு மேல் உலகத்துப் புத்தகங்களெல்லாம் 48 என்றே அச்சடித்தன; மாணவர்களும் 48 என்றே எழுதித் தேறினார்கள். 1956-ல் டிஜோ, லெவன் என்ற இருவர் நல்ல முறையில் எண்ணிப் பார்த்தார்கள். 46 தான் இருந்தது. அதோடு புத்தகங்கள் திருத்தப்பட்டன. யாரும் "பெரியோர் வாக்கு" என்று 48-ஐக் கட்டிக் கொண்டு அழவில்லை.

படிக்கும் முறையைப் பற்றியும் ஆராய்ந்து பார்த்திருக்கின்றார்கள். 2006-ல் அமெரிக்காவில் ரோடிகர், கார்ப்பிகி என்ற இருவர் மாணவர்களை இரண்டாகப் பிரித்து, ஒரு சாராரைப் பாடத்தைத் திரும்பத் திரும்ப வாசிக்கச் சொன்னார்கள். மற்றவர்களைப் புத்தகத்தை மூடி நினைவிலிருந்து எழுதச் சொன்னார்கள். ஐந்து நிமிஷம் கழித்துக் கேட்டபோது வாசித்தவர்கள் ஜெயித்தார்கள். ஒரு வாரம் கழித்துக் கேட்டபோது எழுதினவர்கள் ஜெயித்தார்கள். பத்துத் தடவை வாசித்துவிட்டேன் என்று பெருமைப்படும் மாணவன் இதைக் கவனிக்க வேண்டும். புத்தகத்தை மூட வேண்டும். கேள்வி கேட்டுக் கொள்ள வேண்டும். தப்பான விடைக்கு எதிரே ஏன் தப்பு என்று ஒரு வரி எழுத வேண்டும். பத்து நாள் கழித்து மறுபடி கேட்டுக் கொள்ள வேண்டும்.

நம் வீடுகளிலோ புத்தகத்தை மூடுவதற்கு வேறு வழி வைத்திருக்கின்றார்கள். டிசம்பரில் பரீட்சையை வைத்துக் கொண்டு, சரஸ்வதி பூஜையன்று புத்தகங்களை அடுக்கிச் சந்தனம் தடவி, இன்று தொடக்கூடாது என்கின்றார்கள். படிப்புக்குத் தெய்வம் என்று ஒன்றை வைத்து, அதன் பேரால் ஒரு நாள் படிப்பைக் கெடுக்கும் சாமர்த்தியம் வேறெந்த தேசத்தாருக்கும் வருமா என்பது சந்தேகமே.

இப்பரீட்சைக்குப் படிக்கும் பிள்ளைகள் உள்ள ஊர்களில் இருக்கும் மன்றத்தாருக்கு நாம் ஒன்று சொல்ல விரும்புகின்றோம். உங்கள் வாசகசாலையில் வாரத்தில் ஒரு சாயங்காலம் அவர்களுக்கு ஒரு மேஜையும் விளக்கும் கொடுங்கள். பதிலுக்கு, அவ்வாரம் படித்த ஒரு விஷயத்தை, இங்கிலீஷ் புத்தகத்தைப் பார்க்காமல், தமிழில், அங்கு வந்திருக்கும் குடியானவர்களும் நெசவாளிகளும் பெண்மக்களும் விளங்கிக் கொள்ளும்படி கால்மணி நேரம் சொல்லச் சொல்லுங்கள். கேட்பவர்கள் சும்மா தலையாட்டாமல் "ஏன்?" என்று கேட்க வேண்டும். பதில் வராத இடத்தைப் பையனோ பெண்ணோ குறித்துக் கொண்டு, வீட்டுக்குப் போய்ப் படித்து, அடுத்த வாரம் அதிலிருந்தே ஆரம்பிக்கட்டும். மழைக்காலமாயிருந்தால் முதல் விஷயமாகப் பாம்புக் கடியை வைத்துக் கொள்ளலாம். கண்ணாடிக் குழாய் ஒன்றையும் பிளாஸ்டிக் குழாய் ஒன்றையும் மேஜை மேல் வைத்துக் காட்டினால் இன்னும் நலம்.